இன்னும் கொஞ்சம் வேண்டும்

(அயல்நாட்டில் ஓராண்டு படிக்கப் புறப்படும் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் மதுரையில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையேறுவதற்கு முன்னால் வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தி, "சார், பருப்புப் பொடி கொண்டுபோக விடுவாங்களா?" என்று கேட்டார். விடுவார்கள் அம்மா. கடையில் வாங்கிய பொட்டலமாக இருந்தால் இன்னும் நல்லது. சுங்கத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். கறிவேப்பிலையை மட்டும் மறந்துவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற ஒரு பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று அமெரிக்காவில் அதற்குத் தடை இருக்கிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதினாறு வயது இருக்கும். பருப்புப் பொடி அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று யாரும் அவளிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை. அவளும் சொன்ன மாதிரி தெரியவில்லை. இன்று நான் பேசப்போவது முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியாராக இருந்தவன். வெளிநாட்டில் படித்தவனில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இருக்கிற ஒரே தகுதி, பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு ஜெர்மன் பையன் நான்கு மாதம் தங்கிப் படித்தான் என்பது. வட ஜெர்மனிக்காரன், பதினேழு வயது, ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் அவன் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அவன் வந்த இரண்டாவது வாரம் உறவில் ஒரு கல்யாணம். அழைத்துப் போனோம். பந்தியில் உட்கார வைத்தோம். இலையில் போட்டதையெல்லாம் பையன் ஒன்றுவிடாமல் சாப்பிட்டான். எங்கள் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். வெள்ளைக்காரப் பிள்ளை ரசித்துச் சாப்பிடுகிறது என்று சாம்பாரை ஊற்றினார்கள், வடையை வைத்தார்கள், பாயசத்தை இரண்டு கரண்டி கூடவே விட்டார்கள். அவன் அதையும் முடித்தான். மறுபடி போட்டார்கள். அன்று இரவு முழுக்க அவனுக்கு வாந்தி. மறுநாள் மெல்ல விசாரித்தபோது சொன்னான்: அவர்கள் வீட்டில் தட்டு காலியாக இருந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தமாம். தட்டில் மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பதாம். நமக்கோ காலி இலை என்றால் "போடுங்கள்" என்று அர்த்தம். போதும் என்றால் கையைக் குறுக்கே நீட்டி மறைக்க வேண்டும், முடிந்தது என்றால் இலையை மடிக்க வேண்டும். இது நமக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதனாலேயே இதை ஒருவருக்குச் சொல்லித் தரவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. அவன் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. இலையை மடிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை எங்கள் கண்ணெதிரே அவதிப்பட்டான்.

இதற்கு நேர் எதிரான கதையும் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் தங்கையின் பேத்தி அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒரு சிறிய ஊருக்குப் பரிமாற்ற மாணவியாகப் போனாள். சுற்றிலும் மக்காச்சோள வயல், நடுவில் வீடு. நல்ல மனிதர்கள். முதல் நாள் மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் வேண்டுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். நம் பெண் நாம் வளர்த்தபடி, "வேண்டாம், போதும்" என்றாள். நம் ஊரில் முதல் "வேண்டாம்" என்பது சும்மா ஒரு மரியாதை. அதற்குப் பிறகு, "அட, என்ன இப்படிக் கொறிக்கிற, வச்சுக்கோ" என்று ஒரு குரல் வரும். மூன்றாவது தடவைதான் உண்மையான பதில். அங்கே அந்த இரண்டாவது குரல் வரவில்லை. பாத்திரத்தை மூடி எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு அவளுக்குப் பசி. ஃப்ரிட்ஜ் சமையலறையில்தான் இருக்கிறது, பூட்டில்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜை நம் பிள்ளை திறக்குமா? தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இப்படி மூன்று வாரம்.

அந்த நாட்டுச் சட்டப்படி இப்படி வரும் பிள்ளையையும், வைத்திருக்கும் குடும்பத்தையும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு தடவையாவது தொடர்புகொண்டு பேச வேண்டும். அப்படிப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வீட்டு அம்மா அழுதுவிட்டாராம். "என் வீட்டில் ஒரு குழந்தை பசியோடு தூங்கியிருக்கிறதே, ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டாராம். நம் பெண் சொன்ன பதில், "நீங்கள் இரண்டாவது தடவை கேட்கவில்லையே."

இருவர் மேலும் தப்பில்லை. ஆனால் பசித்தது ஒருத்திக்குத்தான்.

நம் வீடுகளில் பிள்ளை வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கொடுப்பதுதான் பாசம். முகத்தைப் பார்த்தே பசி தெரிய வேண்டும், இருமலைக் கேட்டே கஷாயம் வைக்க வேண்டும். அப்படி வைக்காத தாயைத்தான் ஊர் குறை சொல்லும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பழமொழி வைத்திருக்கிறோம். ஆனால் அழவிடாமல் வளர்ப்பதில்தான் நமக்குப் பெருமை. கேட்டு வாங்குவது கொஞ்சம் கேவலம் என்று எங்கோ மனசில் பதிந்திருக்கிறது. பதினாறு வருஷம் இப்படி வளர்ந்த பிள்ளையை, கேட்டால் மட்டுமே கிடைக்கிற ஒரு வீட்டுக்கு அனுப்புகிறோம். பெட்டியில் 23 கிலோ இருக்கிறதா என்று பத்துத் தடவை நிறுத்துப் பார்க்கிறோம். கேட்கத் தெரியுமா என்று ஒரு தடவையும் சோதிப்பதில்லை.

இது இன்றைய பிள்ளைகளின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயிலிருந்து ஒரு குஜராத்திப் பையன் லண்டனுக்குக் கப்பல் ஏறினான். பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. பெயர் மோகன்தாஸ். அம்மாவிடம் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தான். கப்பலில் முள்கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிமாறுகிறவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் சாப்பாட்டு மேசைப் பக்கமே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் வைத்து அறையிலேயே காலம் தள்ளினான். இங்கிலாந்தில் இறங்கியபோது செப்டம்பர் கடைசி. வெள்ளை ஃப்ளானல் உடுப்போடு நின்ற ஒரே ஆள் இவன்தான். அதையும் யாரிடமும் விசாரிக்கவில்லை, வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்று தானாகவே முடிவு செய்தது.

லண்டனில் நிலைமை இன்னும் மோசம். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை. ஆனால் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்பதற்கு வெட்கம். பின்னால் ஒரு விதவை அம்மா வீட்டில் தங்கியபோது அவருடைய இரண்டு மகள்களும் பரிதாபப்பட்டு ஒன்றிரண்டு துண்டு கூடுதலாக வைப்பார்களாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் என் வயிறு நிறையும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று பிற்காலத்தில் சுயசரிதையில் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைத் தேடிக் கண்டுபிடித்த அன்றுதான் இங்கிலாந்துக்கு வந்தபிறகு வயிறாரச் சாப்பிட்டார். பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்திடமே வாய்விட்டுக் கேட்ட மனிதர், பத்தொன்பது வயதில் ஒரு துண்டு ரொட்டி கேட்கக் கூசியவர்தான்.

நம் கும்பகோணத்து ராமானுஜன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பல் ஏறியபோது வயது 26. பள்ளிப் பிள்ளை இல்லைதான், ஆனால் சங்கதி ஒன்றுதான். கேம்பிரிட்ஜ் குளிரில் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பார். பார்க்க வந்த நண்பர் பி.சி. மகலனோபிஸ் படுக்கையைக் கவனித்தார். கம்பளிப் போர்வைகள் இருந்தன. மெத்தையின் விளிம்புக்குள் மடித்துச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அதை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. போர்வைக்கு மேலேயே படுத்துக் குளிரில் கிடந்திருக்கிறார். எண்களின் ரகசியத்தையெல்லாம் கண்ட மூளைக்கு ஒரு போர்வையின் ரகசியம் தெரியவில்லை. பக்கத்து அறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அதே ராமானுஜன் ஒரு நாள் தன் கையால் சமைத்து நண்பர்களை விருந்துக்கு அழைத்தார். ரசம் பரிமாறினார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. நான் பரிமாறியதை வேண்டாம் என்றது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, அங்கே இருக்க முடியவில்லை என்று பிறகு காரணம் சொன்னாராம். கேட்கவும் தெரியாது, மறுப்பதைத் தாங்கவும் தெரியாது. இதைச் சொல்லி அவரைக் குறைக்கவில்லை. இந்த இரண்டும் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

சரி, இப்படிப் பள்ளிப் பிள்ளைகளை நாடுவிட்டு நாடு அனுப்பும் வழக்கம் எங்கிருந்து வந்தது? போர்க்களத்திலிருந்து. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச்செல்ல 1915-இல் அமெரிக்க இளைஞர்கள் சிலர் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். ஏ.எஃப்.எஸ். என்பது அதன் பெயர்ச் சுருக்கம். இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய வண்டிகள் நம் இம்பால் வரைக்கும் வந்தன. குண்டடிபட்டவர்களைச் சுமந்து அலுத்துப்போனவர்கள், போர் முடிந்ததும் வேறு வேலைக்கு இறங்கினார்கள். 1947-இல் பத்து நாடுகளிலிருந்து சுமார் ஐம்பது பிள்ளைகளை அமெரிக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒய்.எஃப்.யு. என்ற அமைப்பு 1951-இல் 75 ஜெர்மன் பிள்ளைகளை மிச்சிகனுக்கு வரவழைத்துத் தொடங்கியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எதிரி நாடாக இருந்த தேசத்தின் பிள்ளையை வீட்டுக்குள் படுக்க வைக்க ஒரு குடும்பம் சம்மதித்தது என்றால் அது சாதாரணமில்லை. ரோட்டரி சங்கங்கள் தனி வழியில் இதே வேலையைச் செய்கின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல், அமெரிக்க அரசே செலவை ஏற்கும் கென்னடி–லூகர் திட்டம் வந்தது. அதில் இந்தியப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகுதான் மனிதர்களுக்கு அடுத்தவன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

பிள்ளைகளே, இனி உங்களோடு பேசுகிறேன். ரோட்டரிக்காரர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். புது வீட்டுக்குப் போன அன்று ராத்திரியே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆங்கிலத்தில் அதற்கு உள்ள பெயரைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் கல்யாண வீட்டுச் சமாச்சாரமாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். கேள்விகள் மிகச் சாதாரணமானவை. என் அழுக்குத் துணியை எங்கே போடுவது? துவைக்கும் இயந்திரத்தை நானே போடலாமா? காலையில் குளியலறை எனக்கு எத்தனை மணிக்கு? ஃப்ரிட்ஜில் எதை நானே எடுத்துக்கொள்ளலாம், எதைக் கேட்டு எடுக்க வேண்டும்? வீட்டில் என் வேலை என்ன? எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்?

அந்தத் தாளின் முதல் கேள்விதான் நமக்குக் கஷ்டம். "உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?" அவர்கள் தங்கள் பெயரைச் சொல்வார்கள். ஐம்பது வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் நாக்கு புரளாது. அங்கிள், ஆன்ட்டி என்றால் அங்கே அது உண்மையான மாமா, அத்தைக்கு மட்டும்தான். தங்கை பேத்தி இரண்டு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமல், எதிரே போய் நின்று தொண்டையைக் கனைத்தே ஓட்டியிருக்கிறாள், நம் பாட்டிமார் தாத்தாவைக் கூப்பிட்ட மாதிரி! எங்கள் ஜெர்மன் பையன் என்னை முதலில் "சார்" என்றான். ஒரு மாதம் கழித்து என் பிள்ளைகளைப் பார்த்து, "நானும் அப்பா என்று கூப்பிடலாமா?" என்று கேட்டான். கேட்டான், பாருங்கள். இலை மடிக்கத் தெரியாதவன் அதற்குள் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் "முடியாது" என்று சொல்லவும் தெரியும். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு அந்த அரசின் விதிகள் தெளிவாக இருக்கின்றன. உங்களை ஏற்கும் குடும்பத்துக்கு அதற்காகக் காசு கிடையாது. அவர்களை வீட்டிலேயே போய்ப் பேட்டி கண்டிருக்க வேண்டும், வீட்டைப் படம் எடுத்திருக்க வேண்டும், அந்த வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடந்திருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் 120 மைலுக்குள் குடியிருக்க வேண்டும். அவருடைய எண்ணும், உங்களுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பின் எண்ணும், வெளியுறவுத் துறையின் எண்ணும் உள்ள ஓர் அட்டையை உங்கள் கையில் தருவார்கள். அது பர்சின் அடியில் கிடக்க வேண்டிய அட்டை இல்லை. அந்த வீட்டில் ஒருவர் நடந்துகொள்ளும் விதம் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், "நம்மை வைத்துச் சோறு போடுகிறவர்களாயிற்றே" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கக் கூடாது என்று நாம்தான் சொல்லி வளர்த்தோம். அந்தப் பாடத்தை நானே இந்த மேடையில் திரும்பப் பெறுகிறேன். அன்றே கூப்பிடுங்கள். வீடு மாற்றித் தருவார்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் இறங்கினால் நான் நேர்மையானவனாக மாட்டேன். 1992-இல் ஜப்பானிலிருந்து யோஷிஹிரோ ஹத்தோரி என்ற பதினாறு வயதுப் பையன் பரிமாற்ற மாணவனாக அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரத்துக்குப் போனான். அக்டோபர் 17 அன்று தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஒரு விருந்துக்குப் புறப்பட்டான். வேடமிட்டுப் போகும் விருந்து, இவன் வெள்ளைக் கோட்டு சூட்டு போட்டிருந்தான். வீட்டு எண்ணைத் தவறாகப் பார்த்து, அதே தெருவில் வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் பயந்துபோய்க் கணவனைக் கூப்பிட்டாள். கணவன் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினான். அசையாதே என்று அர்த்தம். "நாங்கள் விருந்துக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே பையன் முன்னால் நடந்தான். வீட்டுக்காரன் சுட்டுவிட்டான்.

பையனுக்கு அந்தச் சொல் புரிந்திருக்காது என்று ஜப்பானில் நிறையப் பேசினார்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாததால் செத்தான் என்று சொல்வது, துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்குவது. சுட்டவரைக் குற்றவாளி இல்லை என்று 1993-இல் ஜூரி விடுவித்தது. உரிமையியல் வழக்கில்தான் நஷ்டஈடு தீர்ப்பானது. ஆனால் நான் இதைச் சொல்வது அந்தப் பெற்றோருக்காக. அவர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்து வாங்கி, அமெரிக்காவுக்கே போய் அதிபர் கிளின்டனிடம் கொடுத்தார்கள். ஒரு நிதியும் தொடங்கினார்கள். எதற்கு? அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஜப்பானுக்கு அழைத்துவந்து படிக்க வைப்பதற்கு. மகனைப் பறிகொடுத்த நாட்டின் பிள்ளைகளைத் தங்கள் நாட்டுக்குக் கூப்பிட்டார்கள். என்னால் அது முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முடியாது என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே உங்கள் பிள்ளையை அனுப்பப் பயமாக இருக்கிறது என்று சொல்லும் அப்பா அம்மாவை நான் கேலி செய்வதில்லை. பயம் இருக்கட்டும். அது தொலைபேசி வழியே தினமும் பிள்ளையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் அயோவாவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நீங்கள் காலை ஆறரைக்குக் காபியோடு வீடியோ காலில் வந்தால் அங்கே முந்தைய நாள் இரவு எட்டு மணி. அந்தக் குடும்பம் கூடத்தில் சேர்ந்து உட்காரும் நேரம். நம் பிள்ளை மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மதுரையில் இருக்கும். அப்படி ஒரு வருஷம் இருப்பதற்கு விமானச் சீட்டு எதற்கு? வாரம் ஒரு தடவை போதும் என்பது என் கட்சி. அடிக்க வராதீர்கள்.

முதல் மாதம் எல்லாம் அழகாக இருக்கும். மூன்றாம் மாதம் எல்லாம் கசக்கும். கலாச்சார அதிர்ச்சி என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அதை 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் பெண்கள் மன்றம் ஒன்றில் விளக்கிப் பேசிப் பரப்பியவர் கலெர்வோ ஒபெர்க் என்ற மானுடவியலாளர். அடுத்த வருஷமே நார்வேக்காரர் ஒருவர், வெளிநாடு போனவர்களின் மனநிலை முதலில் நன்றாக இருந்து, இறங்கி, மறுபடி ஏறுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். நமக்கு அந்த இறக்கம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வரும். அங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். பிள்ளை அழும். "உடனே கிளம்பி வா" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள்.

பிள்ளைகளே, அவர்களும் உங்களிடம் கேட்பார்கள். நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரம் என்று ஒன்று வரும். வகுப்பின் முன்னால் நின்று உங்கள் ஊரைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். இங்கே மதுரைப் பிள்ளைகள் எத்தனை பேர்? மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எத்தனை கோபுரம்? நாலா? பதினாலு. பார்த்தீர்களா, தினமும் அந்த வழியாகத்தான் டியூஷன் போகிறீர்கள். உங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், அம்மாச்சி எந்த ஊரிலிருந்து எப்போது இங்கே வந்தார், வீட்டில் அரைக்கிற மசாலாவில் என்னென்ன இருக்கிறது, இதையெல்லாம் போவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் இருக்கிறது, என் வீட்டில் இப்படி இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு தடவை பார்த்துவிட வேண்டியிருக்கும்.

படிப்பு என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே எல்லோர் மடியிலும் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்க விதிப்படி 11 வருஷப் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர்களுக்கு இந்த இடம் கிடையாது. வயதும் 15-க்கும் பதினெட்டரைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஆகவே பத்தாம் வகுப்பு முடித்தோ, பதினொன்றாவதை ஒட்டியோதான் போக முடியும். அவர்கள் வகுப்பு ஆகஸ்டில் தொடங்கி அடுத்த மே, ஜூனில் முடியும். நம் கணக்கோடு அது ஒட்டாது. திரும்பி வந்து தனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். நீட், ஜேஇஇ என்று ஊரே ஓடுகிற நேரத்தில் ஒரு வருஷம் நின்று வருவதுதான் இது. ஒரு வருஷம் போனால் எல்லாம் போச்சு என்று நினைக்கும் வீடாக இருந்தால் அனுப்பாதீர்கள். உண்மையாகச் சொல்கிறேன். போன பிறகு அதைச் சொல்லிக் காட்டினால் பிள்ளை நொறுங்கிவிடும். எல்லோரும் போக வேண்டிய பயணம் இல்லை இது.

போக முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வாத்தியார் புத்தி போகாது. இன்று ராத்திரியிலிருந்து புறப்படும் நாள் வரை, சாப்பிடும்போது பிள்ளை வாய் திறந்து கேட்காமல் இரண்டாவது தடவை பரிமாறாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் பாத்திரத்தை எடுத்து மூடி வைத்துவிடுங்கள். முதல் இரண்டு நாள் தாய்மார்களுக்குத் தாங்காது. பாட்டிமார் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும். மூன்றாவது நாள், "அம்மா, இன்னும் கொஞ்சம் வேணும்" என்று ஒரு குரல் வரும். அப்போது நிறையப் போடுங்கள்.

பின்னால் டீயும் மெதுவடையும் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். யாரும் உங்கள் இருக்கைக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். பிள்ளைகளே, வேண்டுமென்றால் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.